லோடு ஏத்தினாத்தான் லட்சணம் தெரியும்

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் எந்த நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குப் போனாலும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். ஒரு பி.பி. மிஷின் இருக்கும். அறுபது தாண்டினவங்க இருந்தா சர்க்கரை பார்க்கிற மிஷினும் இருக்கும். அளந்து பார்க்காம ஒரு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டோம். நல்ல பழக்கம்தான்.

அதே வீட்டுல எத்தனை அடாப்டர், சார்ஜர் சுவத்துல தொங்குதுன்னு எண்ணிப் பாருங்க. இன்டர்நெட் பெட்டிக்கு ஒண்ணு, செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு, ஆளுக்கு ரெண்டு போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கொசு பேட்டுக்கு ஒண்ணு, தாத்தாவோட ரேடியோவுக்கு ஒண்ணு. சுலபமா பதினைஞ்சைத் தாண்டும். பால்கனியில இன்வெர்ட்டர் பேட்டரி வேற. இத்தனையையும் அளக்க வீட்டுல என்ன இருக்கு? டிராயருக்குள்ள ஒரு டெஸ்டர். அதோட பல்பு எரிஞ்சா கரண்ட் இருக்கு, எரியலைன்னா இல்லை. எவ்வளவு இருக்குன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நாடி இருக்கா இல்லையான்னு மட்டும் பார்க்கிற வைத்தியர் மாதிரி.

என் கட்சி ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு மல்டிமீட்டர் இருக்கணும். அதைவிட முக்கியமா, லோடு போட்டு அளக்கணும்ங்கிற புத்தி இருக்கணும். ரெண்டாவது இல்லாம முதலாவது மட்டும் இருந்தா, சில சமயம் எதுவுமே இல்லாததைவிட மோசம். ஏன்னு சொல்றேன்.

நம்ம ஊர்ப் பழைய ஃபிளாட்ல பைப் துருப்பிடிச்சு உள்ளே அடைச்சிருக்கும். மேல் டேங்க் ரொம்பி வழியுது. குழாயை மூடி வெச்சுட்டு அங்கே பிரஷர் மீட்டரை மாட்டினா எவ்வளவு காட்டும்? முழு பிரஷரும் காட்டும்! தண்ணி ஓடாதவரைக்கும் அடைப்பு அடைப்பாவே தெரியாது. குழாயைத் திறங்க, நூல் மாதிரி ஒழுகும். கரண்டும் இப்படித்தான். வோல்டேஜ் பிரஷர் மாதிரி, ஆம்பியர் ஓடுற தண்ணி மாதிரி, ஓம் துரு மாதிரி. எதையும் இணைக்காம சும்மா இருக்கிற அடாப்டரோட முனையில மீட்டரை வெச்சா, மூடின குழாயில பிரஷர் பார்த்த கதைதான். மீட்டர் இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட சைபர். சாதாரண டிஜிட்டல் மீட்டர்ல உள்ளே 10 மெகா ஓம் அளவுக்குத் தடை இருக்கும். 12 வோல்ட் அடாப்டர்லேர்ந்து அது எடுக்கிறது ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். அந்த பாரத்தைச் சுமக்க முடியாத அடாப்டர் உலகத்துலயே கிடையாது.

மந்தைவெளியில எங்க பக்கத்து வீட்டு மாமாவுக்கு ராத்திரியானா இன்டர்நெட் போயிடும். பெட்டி தானா அணைஞ்சு தானா எழுந்திருக்கும். கம்பெனிக்காரங்க வந்து ரெண்டு தடவை பெட்டியையே மாத்திட்டுப் போனாங்க. அடாப்டர் ஒயர் அலமாரிக்குப் பின்னாடி அழகா ஆணியடிச்சு ஓடுறதால, அதை மட்டும் யாரும் தொடலை. வந்தவர் மீட்டர் வெச்சுப் பார்த்து, "12 வோல்ட் கரெக்டா வருது சார், அடாப்டர் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டார். "ஏம்ப்பா, நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே, என்னன்னு பாரேன்"னு மாமா என்கிட்ட வந்தார்.

அடாப்டர் மேல எழுதியிருக்கிறது 12 வோல்ட், 1 ஆம்பியர். சும்மா அளந்தா 12.2. வந்தவர் பொய் சொல்லலை. அடுத்து, 27 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை முனையில இணைச்சேன். சரியா 12 வோல்ட் இருந்தா 0.44 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் 11.4-க்கு இறங்கிச்சு. ரெண்டாவது 27 ஓமை பக்கத்துலயே இணையா போட்டேன். இப்போ நல்ல அடாப்டரா இருந்தா 0.89 ஆம்பியர் கொடுக்கணும், அதாவது எழுதின ஒரு ஆம்பியருக்கும் கீழேதான். மீட்டர் 9.1-க்குப் போய், அங்கேயும் நிக்காம இறங்கிட்டே இருந்தது. விஷயம் அவ்வளவுதான். ராத்திரி வீட்டுல எல்லாரும் சேர்ந்து வீடியோ பார்க்கிறப்போ பெட்டிக்குப் பசி அதிகம், அடாப்டரால போட முடியலை. 250 ரூபாய்ல புது அடாப்டர் வாங்கி, அதையும் அதே ரெண்டு ரெசிஸ்டர்ல சோதிச்சு மாட்டினதோட கதை முடிஞ்சது.

அது ஏன் கெட்டுச்சு? உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ஞ்சு போயிருக்கும். அந்தக் கெப்பாசிட்டர் மேல 105 டிகிரி, 85 டிகிரின்னு ஏதோ ஒண்ணு எழுதியிருப்பாங்க. பரவலா கிடைக்கிற ரகத்துக்கு அந்தச் சூட்டுல 2000 மணி நேரம்தான் ஆயுள். ஒவ்வொரு 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெட்டிப்பாகும்ங்கிறது தொழில்ல எல்லாரும் கையாளுற உத்தேசக் கணக்கு. சென்னை மே மாசம், அலமாரிக்குப் பின்னாடி, பெட்டிக்குள்ள 65 டிகிரின்னு வெச்சுக்குவோம். 105 டிகிரி கெப்பாசிட்டர் 32,000 மணி நேரம் தாங்கும், மூணரை வருஷத்துக்கு மேல. 85 டிகிரி போட்டு ரெண்டு ரூபாய் மிச்சம் பிடிச்சிருந்தா 8,000 மணி நேரம்தான். நாள் முழுக்க ஓடுற பெட்டிக்கு அது பதினோரு மாசம். தி.நகர் பிளாட்பாரத்துல வாங்கின அடாப்டர் சரியா ஒரு வருஷத்துல மண்டையைப் போடுறதுக்கு யாரும் செய்வினை வைக்க வேண்டியதில்லை :-)

இதுக்கு நேரெதிரான கதையும் உண்டு. பழைய கால, கையில எடுத்தா கனமா இருக்குமே, அந்த டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர். மேல 12 வோல்ட்னு இருக்கும். சும்மா அளந்தா 16, 17 காட்டும். பயந்து குப்பையில போடாதீங்க. ஏ.சி. 12 வோல்ட்னா அதோட உச்சி 17 வோல்ட் கிட்ட (1.414-ஆல பெருக்கணும்). டையோடு ரெண்டு சேர்ந்து ஒண்ணரை வோல்ட் எடுத்துக்கும். மீதி உச்சி வரைக்கும் கெப்பாசிட்டர் ரொம்பி உட்கார்ந்திருக்கும். அதுபோக, லோடு ஏறினப்புறம் 12 வரணும்னுதான் டிரான்ஸ்ஃபார்மரையே கொஞ்சம் தாராளமா சுத்தியிருப்பாங்க. லோடு போட்டா எழுதின நம்பருக்கு இறங்கி வந்துடும். ஆக, லோடு இல்லாம அளந்தா கெட்டுப்போன அடாப்டர் சரியான நம்பரைக் காட்டுது, நல்ல அடாப்டர் தப்பான நம்பரைக் காட்டுது! மீட்டர் மட்டும் இருந்தா போதாதுன்னு நான் சொன்னது இதுக்குத்தான்.

எங்க சாஃப்ட்வேர் ஜனங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ரொம்ப ஈஸி. "என் மிஷின்ல ஓடுதே"ன்னு ஒருத்தன் சொன்னா எல்லாரும் சிரிப்போம். ஒரே ஒரு ஆள் லாகின் பண்ணிப் பார்த்துட்டு சைட்டை லைவ் விட மாட்டோம். ஆயிரம் பேர் ஒரே நேரத்துல வந்தா என்ன ஆகும்னு லோடு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் மேனேஜரே கையெழுத்துப் போடுவார். பழைய மகாபலிபுரம் ரோட்டுல பகல் முழுக்க இதே வேலையைப் பார்க்கிற ஆளு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து "12 வோல்ட் வருதே, அப்புறம் என்ன?"ன்னு கேட்கிறதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்து இன்வெர்ட்டர். 2012-ல சென்னைக்கு தினம் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட் இருந்தது. மத்த மாவட்டங்கள்ல அதைவிடப் பல மடங்கு. அப்போதான் நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு பேட்டரி ஏறிச்சு. 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல், 2023 டிசம்பர்ல மிக்ஜாம், ரெண்டும் 'பேட்டரி இல்லாம முடியாது'ன்னு மறுபடியும் சொல்லிட்டுப் போச்சு. அந்த வேளையில அது கைவிட்டா, வீட்டுல படுத்திருக்கிற வயசானவங்களுக்கு ஃபேன் நிக்கும், போன் சார்ஜ் ஏறாது, ஒரு ஆத்திர அவசரத்துக்கு யாரையும் கூப்பிட முடியாது. இதுல பணம் மட்டும் விஷயமில்லை.

அடையாறுல நண்பன் வீட்டு இன்வெர்ட்டர் பத்தே நிமிஷத்துல அணைஞ்சிடும். கடையிலேர்ந்து வந்தவர் "செல்லு போயிடுச்சு சார், பேட்டரி மாத்திடுங்க, பதினைஞ்சாயிரம் ஆகும்"னுட்டார். நாங்க மெயின்ஸை அணைச்சு, ஃபேன், லைட்டு எல்லாம் சேர்த்து 400 வாட் லோடு கொடுத்தோம். பேட்டரியிலேர்ந்து சுமார் 40 ஆம்பியர் ஓடும். பேட்டரியோட ஈயக் கட்டையில அளந்தா 12.1 வோல்ட். அந்த லோடுக்கு அது ரொம்ப மரியாதையான நம்பர். அதே நேரத்துல இன்வெர்ட்டருக்குள்ள நுழையுற இடத்துல அளந்தா 11.2. நடுவுல 0.9 வோல்ட்டை யாரோ திருடுறாங்க. கண்டுபிடிக்கிற வழி சுலபம். மீட்டரோட ஒரு முள்ளை ஈயக் கட்டையிலயும் இன்னொண்ணை அதுமேல மாட்டியிருக்கிற கிளாம்ப்லயும் வைக்கணும். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கிற உலோகம், கிட்டத்தட்ட சைபர்தான் வரணும். வந்தது 0.8! வெள்ளையா பூத்திருந்த பொடிதான் திருடன். 0.8 வோல்ட்டை 40 ஆம்பியரால பெருக்கினா 32 வாட். ஒரு சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான். பேட்டரி தலைமேல ஒரு சோல்டரிங் அயர்னை ஆன் பண்ணி வெச்ச மாதிரி சூடு. பேட்டரி கொஞ்சம் இறங்கினதுமே இன்வெர்ட்டர் 'தீர்ந்து போச்சு'ன்னு நினைச்சு அணைஞ்சிடுது. எல்லாத்தையும் நிறுத்தி, கழட்டி, வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுத் தேய்ச்சு, காய வெச்சு, இறுக்கி மாட்டி, மேல வாசலின் தடவினோம். பதினைஞ்சாயிரம் மிச்சம். லோடு இல்லாம அளந்திருந்தா அந்த 0.8 வந்தே இருக்காது. கரண்ட் ஓடலைன்னா திருட்டும் கிடையாது.

போன் சார்ஜர் ஒயரும் இதே கதைதான். மெலிசான மலிவு ஒயர்ல போக வர கால் ஓம் தடை இருந்தா, 2 ஆம்பியர் ஓடுறப்போ அரை வோல்ட் காணாம போகும். அஞ்சு வோல்ட்ல அரை வோல்ட்ங்கிறது பத்துல ஒரு பங்கு. போன் மேல எந்தத் தப்பும் இல்லை. இன்னிக்கு வேகமா ஏத்துற சார்ஜர்கள்ல பலதும் வோல்டேஜை 9, 12-னு உயர்த்துறது இதுக்காகத்தான். 18 வாட் அனுப்ப அஞ்சு வோல்ட்ல 3.6 ஆம்பியர் வேணும், ஒன்பது வோல்ட்ல 2 ஆம்பியர் போதும். ஒயர்ல வீணாகிறது மூணுல ஒரு பங்குக்கும் கீழே இறங்கிடும். மின்வாரியம் ஊர் விட்டு ஊர் 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட்டுனு டவர் நட்டு அனுப்புறதும் இதே கணக்குதான்.

கடைசியா எர்த். இதுதான் உயிர் சமாச்சாரம். மூணு ஓட்டை பிளக்ல மேல் ஓட்டை பெரிசா இருக்கே, அதுக்குள்ள ஒயர் இருக்கா இல்லையான்னே பல பழைய வீடுகள்ல தெரியாது. மீட்டர் வெச்சா ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 230 காட்டும், நிம்மதியாயிடுவோம். ஆனா அந்த எர்த் ஒயர் ஒரே ஒரு இழையில தொங்கிட்டு இருந்தாலும் மீட்டர் அதே 230-ஐத்தான் காட்டும். அதுக்கு மைக்ரோ ஆம்பியர் போதுமே. ஃப்ரிட்ஜ் பாடியில கரண்ட் பாயுறப்போ அந்த இழை நூறு ஆம்பியரைத் தாங்கி ஃபியூஸைப் போக்குமா? போக்காது. அப்போ கை வைக்கிறவங்க கதி?

நம்ம ஊர்ப் பழைய எலக்ட்ரீஷியன்கள் பையில ஹோல்டரும் பல்புமா ரெண்டு ஒயர் நீட்டிக்கிட்டு ஒரு சாமான் இருக்கும், பார்த்திருப்பீங்க. டெஸ்ட் லாம்ப். படிச்ச பசங்க நாம அதைப் பார்த்து நக்கல் அடிப்போம். ஆனா அது லோடு! 60 வாட் பல்பு கால் ஆம்பியர் இழுக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல அது பளிச்சுனு எரிஞ்சா, எர்த் ஏதோ கொஞ்சமாவது சுமக்குதுன்னு அர்த்தம். மங்கினா வண்டவாளம் தெரிஞ்சு போச்சு. அதுவே முழு சோதனை இல்லை, எர்த்தை அளக்கத் தனி மிஷினே இருக்கு. ஆனா அந்த அண்ணனோட அறுபது வாட் புத்தி, இந்த ஒரு விஷயத்துல, என் டிஜிட்டல் மீட்டரைவிட உசத்தி. (வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தா பல்பு எரியாம அது படக்குனு விழும். விழணும். அதுவும் நல்ல சேதிதான்.)

இப்போ என் கோபத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குப் பஞ்சமே இல்லை. தெருவுக்கு நாலு பேர். ஆனா லேப்ல நாம கத்துக்கிறது என்ன? 10 வோல்ட் கொடுத்து, ஒரு கிலோ ஓமும் 2.2 கிலோ ஓமும் வரிசையா போட்டு அளக்கணும். கணக்குப்படி 3.125 வரணும். ரெக்கார்ட் நோட்டுல பக்கம் பக்கமா 3.13, 3.12-னு அழகா இருக்கும். ஆனா அந்த ரெசிஸ்டர்ல தங்கக் கோடு இருக்கு, 5 சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம்னு அர்த்தம். 2.9-லேர்ந்து 3.3 வரைக்கும் எது வந்தாலும் நியாயம். வகுப்புல அறுபது பேருக்கும் ஒரே நம்பர் வந்தா, அறுபது பேரும் அளந்தாங்கன்னு அர்த்தமில்லை, யாருமே அளக்கலைன்னு அர்த்தம். உண்மையா அளந்து 3.27 எழுதினவனுக்கு சிவப்பு மையில சுழி, பார்த்து எழுதினவனுக்கு பத்துக்குப் பத்து. இப்படி நாலு வருஷம் பழகினா, அளவுங்கிறது விடையை உறுதிப்படுத்த ஒரு சடங்குன்னு மனசுல பதிஞ்சிடும். "12 வருது சார், நல்லாத்தான் இருக்கு"ங்கிற வசனம் எங்கேர்ந்து வருதுன்னு நினைக்கிறீங்க?

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில எலக்ட்ரானிக்ஸ் படிச்சு, பெல் நிறுவனத்துல வோட்டு மிஷின் வேலையில பங்கெடுத்த சுஜாதா, சிலிக்கன் சில்லை நம்ம வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து வெச்சார். அவர் 2008-ல போயிட்டார். தமிழ்ல எலக்ட்ரானிக்ஸைப் படிக்கிற ஆசையை அவர் நமக்குக் கொடுத்தார். தொட்டு அளக்கிற பழக்கத்தை நமக்கு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, நாமளேதான் பழகணும்.

"எலக்ட்ரீஷியன் எதுக்கு இருக்கார்?"னு கேட்பீங்க. டாக்டர் இருக்கார்னு தெர்மாமீட்டர் வாங்காம இருக்கோமா? 101 டிகிரின்னு சொல்லிட்டுப் போறதுக்கும் 'உடம்பு சரியில்லை'ன்னு சொல்லிட்டுப் போறதுக்கும் வித்தியாசம் உண்டுல்ல. "250 ரூபாய் அடாப்டர், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிட்டாப் போச்சு"ன்னு இன்னொரு கட்சி. வாங்குற புதுசு நல்லதுன்னு யார் சொன்னா? மந்தைவெளியில தூக்கிப் போட்டதும் அடாப்டரை இல்லை, நல்லா இருந்த ரெண்டு பெட்டியை. "ஷாக் அடிக்குமே"ங்கிற பயம் நியாயமானது. அதனாலதான் 12 வோல்ட்டுக்குக் கீழே ஆரம்பிக்கச் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை ரிச்சி தெருவுல பல கடை மூடியிருக்கும். சனிக்கிழமை போங்க, அரசினர் தோட்டம் மெட்ரோவுல இறங்கினா நடக்கிற தூரம்தான். சில நூறு ரூபாய்க்கு ஒரு மீட்டர், 27 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ரெண்டு, முதலைக் கிளிப் நாலு. வீட்டுக்கு வந்து 12 வோல்ட் அடாப்டர் ஒவ்வொண்ணையும் மூணு தடவை அளங்க: சும்மா, ஒரு ரெசிஸ்டர், ரெண்டு ரெசிஸ்டர். (அரை ஆம்பியர்னு எழுதியிருந்தா ஒண்ணோட நிறுத்திக்கோங்க.) அந்த மூணு நம்பரையும் தேதியோட அடாப்டர் முதுகுலயே ஸ்டிக்கர் ஒட்டி எழுதுங்க. அடுத்த வருஷம் அதே மூணு நம்பரை மறுபடி எடுங்க. வீட்டுல பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தா மீட்டரை அது கையில கொடுத்துடுங்க. வர்ற நம்பர் எதுவா இருந்தாலும் அதையே எழுதச் சொல்லுங்க, புத்தகத்துல இருக்கிறதை இல்லை.

அடுத்த தடவை யாராவது மீட்டரைக் காட்டி "வோல்டேஜ் வருது சார்"னு சொன்னா, "லோடு போட்டுக் காட்டுங்கண்ணே"ன்னு கேளுங்க. முறைப்பார். பரவாயில்லை, கேளுங்க.

பி.கு.: 1) ரெசிஸ்டர் ஒரு நிமிஷத்துல கையைச் சுடும். பீங்கான் தட்டுல வைங்க, அளந்ததும் கழட்டுங்க. 2) சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில விட்டுட்டு வோல்டேஜ் பார்க்கவே பார்க்காதீங்க, அது நேர் ஷார்ட் சர்க்யூட். 3) மீட்டருக்குள்ள இருக்கிற 9 வோல்ட் பேட்டரி இறங்கினா மலிவு மீட்டர்கள் அதிகமா காட்ட ஆரம்பிக்கும். பேட்டரி படம் வந்துச்சுன்னா அந்த நம்பரை நம்பாதீங்க. 4) இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்துல மோதிரம், செயின் வேண்டாம். மைனஸ் ஒயரை முதல்ல கழட்டுங்க, கடைசியா மாட்டுங்க. 5) சுவத்து 230 வோல்ட்டை எலக்ட்ரீஷியன் கிட்ட விட்டுடுங்க. பக்கத்துல நின்னு நம்பரை மட்டும் கேட்டு வாங்குங்க.